செவலைக்குப் பிஸ்கட் போட்ட கதை

மந்தக்குளத்துச் சுருளியாண்டிக்கு இரண்டு தம்பிகள், செவலை என்றொரு நாய், ஒரு சினையாடு. ஆடுகள் மூன்றாக இருந்தவைதான். செவலை தூங்குவதில் கெட்டிக்கார நாய் என்பதால், இரண்டைத் திருடன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மிஞ்சியதும் போய்விட்டால் என்ன செய்வது என்று சுருளிக்குச் சோறு இறங்கவில்லை.

நாயைக் காவலுக்குப் பழக்க வழி கேட்டு, மூவரும் கம்பும் கையுமாக அதை இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சொன்னார்: "முதல்ல கம்பைத் தூரப் போடுங்க. நாய் நல்லது செஞ்சா அந்த நொடியே ஒரு பிஸ்கட், ஒரு சபாஷ். தப்பு செஞ்சா கண்டுக்காம முகத்தைத் திருப்பிக்குங்க. மூணு பேரும் ஒரே மாதிரி நடந்துக்கணும்."

பக்கத்து ஊர் எல்லைவரை நடந்துபோய்க் கம்பைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

"உட்காரு" என்றார் சுருளி. செவலை உட்கார்ந்தது.

"சபாஷ் சொல்லிரலாமாண்ணே?" என்றான் நடுத்தம்பி ஒச்சு.

"இருடா. சொன்னதுக்கு உட்கார்ந்துச்சா, கால் வலிச்சு உட்கார்ந்துச்சா?"

"வலியா இருந்தா நொண்டியிருக்குமே" என்றான் கடைக்குட்டி பெரியாண்டி.

"உட்கார்ந்துக்கிட்டு எப்படிடா நொண்டும்?"

பேசித் தீர்த்து, ஒருமனதாகப் பிஸ்கட்டை எடுத்தபோது செவலை ஒச்சுவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. முடிவு செய்தது செய்ததுதானே? பிஸ்கட்டைப் போட்டுச் சபாஷும் சொன்னார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் செருப்பு தங்கவில்லை.

செவலை ஒரு கோழியைக் கவ்வியபோது மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இப்பத் திரும்பலாமாடா?"

"இன்னும் மெல்லுற சத்தம் கேக்குதுண்ணே."

ஒருநாள் உச்சிவெயிலில் திருடன் வேலி தாண்டி வந்தான். செவலை குரைத்தது! சுருளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நாய் ஆட்டுப்பட்டியோரம், திருடனின் காலடியில் நின்றது. இவர்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அந்த நொடி போய்விடுமே!

"ஏய்யா, பக்கத்துல நிக்கிறவரே! அதுக்கு ஒண்ணு குடுத்து, சபாஷ் சொல்லுங்க!" என்று சுருளி பிஸ்கட் பொட்டலத்தை வீசினார்.

திருடன் கொடுத்தான். சபாஷும் சொன்னான். செவலை அவன் காலை நக்கியது. பிறகு அவன் ஆட்டை அவிழ்த்தான்.

"அய்யோ, நம்ம ஆடு!" என்று பதறினார் சுருளி.

"தப்புதாண்ணே, பெரிய தப்பு. முகத்தைத் திருப்பிக்குங்க" என்றான் பெரியாண்டி.

மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஆடு கத்தியது. சுருளியின் கழுத்து துடித்தது, ஆனாலும் திரும்பவில்லை.

திருடனுக்கு வேர்த்துவிட்டது. தெரிந்தே பறிகொடுக்கும் ஆட்களை அவன் கண்டதில்லை. ஏதோ மந்திரக்கட்டு என்று பயந்து கயிற்றை நழுவவிட்டான். ஆடு வந்து சுருளியின் வேட்டியைக் கடித்தது.

"விட்டுட்டான்டா! நல்லது செஞ்சிட்டான்!"

மூவரும் பாய்ந்துபோய் அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, வாய் நிறையப் பிஸ்கட் திணித்து, ஒரே குரலில் சபாஷ் போட்டார்கள்.

"நாய்க்கு வராத படிப்பு இவனுக்கு ஒரே தடவையில வந்திருச்சே" என்று வியந்த சுருளி, அன்றே அவனைப் பட்டிக்குக் காவல் வைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஆட்டையும் காணோம், காவல்காரனையும் காணோம். தம்பிகள் ஓவென்று அழுதார்கள்.

"அழாதீங்கடா" என்றார் சுருளி. "ஆட்டைக் காணோம்னதும் நம்மகிட்டகூடச் சொல்லாம தேடப் போயிட்டான் பாருங்க. திரும்பி வர்றப்பப் பசிக்கும். பிஸ்கட்டைப் பிரிச்சு வையுங்க."