பச்சைக் கதிரின் கேள்வி

ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில், கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு பச்சை ஒளிக்கதிர் குடியிருந்தது. எதைக் கண்டாலும் தொட்டுப் பார்த்து, “நீ யார்?” என்று கேட்பது அதன் சுபாவம். உப்பைக் கேட்கும், கண்ணாடியைக் கேட்கும், தூசியைக்கூட விடாது.

ஒருநாள் காலை அங்கே செண்பகவல்லி என்ற பெண்ணை அழைத்து வந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. காய்ச்சலில் அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. சிறுநீரகத்தைக் கிருமி தாக்கியிருக்கிறது என்று தெரிந்தது. எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று தெரியவில்லை. டாக்டர் ஹெலன் மஞ்சள் மூடி போட்ட மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைச் சோதிக்கும் தஸ்லிமாவிடம் விரைந்தார்.

“தஸ்லிமா, இந்த மருந்து கேட்கலைன்னா ரெண்டு உயிர். எப்பச் சொல்லுவீங்க?”

மேசைமேல், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புத் தட்டு பெருமூச்சு விட்டது. “விதைத்தால் முளைக்க வேண்டாமா? எனக்கு இரண்டு நாளாவது வேண்டும்.”

மனிதர் காதில் அது விழவில்லை. ஆனால் தட்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்று தஸ்லிமாவுக்கும் தெரியும். “தட்டுலயும் போட்டு வைக்கிறேன் டாக்டர். அதுக்குள்ள கதிர்லயும் பார்த்துடறேன்” என்றாள். செண்பகவல்லியின் சிறுநீரிலிருந்து கிருமிகளைப் பிரித்தெடுத்து, ஒரு சொட்டைக் கதிரின் கீழே வைத்தாள்.

“நீ யார்?” என்றது கதிர்.

“சொல்ல மாட்டேன்” என்றது கிருமி. “என்னைப் போலவே குச்சி குச்சியாக எத்தனையோ சாதி உண்டு. முடிந்தால் கண்டுபிடி.”

“நீ சொல்ல வேண்டாம். நான் தொட்டால் உன் உடம்பு அதிரும். ஆளுக்கு ஆள் அந்த அதிர்வு வேறு. உன்மேல் பட்டுத் திரும்பும்போது என்னில் ஒரு துளி நிறம் மாறி வரும். அந்த நிறம்தான் உன் பெயர்.”

திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. தஸ்லிமா அதைத் தெரிந்த கோடுகளோடு ஒப்பிட்டாள். குடலில் குடியிருக்க வேண்டிய கிருமி, வழிமாறிச் சிறுநீர்ப் பாதையில் மேலே ஏறியிருக்கிறது.

கிருமி சிரித்தது. “பெயர் தெரிந்தால் ஆயிற்றா? என்னை எது கொல்லும் என்று சொல், பார்ப்போம்.”

கதிருக்கும் அதை அறிய ஆசைதான்.

தஸ்லிமா கிருமிகளை இரண்டு சொட்டாகப் பிரித்தாள். ஒன்றில் மஞ்சள்மூடியைக் கலந்தாள், மற்றதில் நீலமூடி போட்ட வேறொரு மருந்தை. இரண்டிலும் கொஞ்சம் கனநீர் விட்டாள். அது பார்வைக்குத் தண்ணீர்தான். ஆனால் குடித்து வளர்கிற உயிரின் உடம்பில் ஓர் அடையாளத்தை விட்டுப்போகும். அதைக் கதிர் கண்டுகொள்ளும்.

சற்றுப் பொறுத்துக் கதிர் முதல் சொட்டுக்குள் இறங்கியது.

“ஐயோ, எரிகிறதே! செத்தோம்!” என்று கிருமிகள் புரண்டன.

“கேட்டாயா?” என்றது மஞ்சள்மூடி. “என் பெயரைச் சொன்னாலே இப்படித்தான்.”

கதிர் ஒவ்வொன்றாகத் தொட்டது. எல்லா உடம்பிலும் கனநீரின் அடையாளம் இருந்தது.

“சாகக் கிடப்பவர்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பார்களா?” என்று கேட்டது. புலம்பல் சட்டென்று நின்றது.

இரண்டாவது சொட்டில் ஒரே ஆரவாரம். “எங்களை அசைக்க எவனால் முடியும்?”

நீலமூடி கூச்சத்தோடு ஒதுங்கி நின்றது. “என்னால் ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது.”

கதிர் தொட்டுப் பார்த்தது. ஓர் உடம்பிலும் அடையாளம் இல்லை.

“ஒருவரும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இவர்களுக்கு மிச்சமிருப்பது சத்தம்தான்” என்றது கதிர்.

தஸ்லிமா தொலைபேசியை எடுத்தாள். “டாக்டர், மஞ்சளை நிறுத்திருங்க. நீலம் கேட்கும்.”

“கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்துதான். ஆனா தட்டு இன்னும் சொல்லலையே?”

“சொல்றவரைக்கும் அவங்க தாங்குவாங்களா?”

ஹெலன் மஞ்சள் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயை மூடினார். பிறகு, “மாத்தறேன்” என்றார்.

மறுநாள் நடுக்கம் நின்றது. அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. வயிற்றில் பிள்ளை உதைத்ததும் செண்பகவல்லி அழுதுவிட்டாள். அதற்குள் தட்டிலும் கிருமி முளைத்திருந்தது. “நீ சொன்னதுதான் சரி” என்று தட்டு கதிரிடம் ஒப்புக்கொண்டது.

ஹெலன் செண்பகவல்லியின் கணவன் இசக்கிராஜாவிடம் கேட்டார்: “அந்த மஞ்சள் மருந்தை இதுக்கு முன்னாடி மாத்திரையா எடுத்திருக்காங்களா?”

“சளி, தும்மல்னா கடைல கேட்டு வாங்கிப் போடுவோம் டாக்டர். ரெண்டு வேளையில தேவலைன்னா விட்டுருவோம்.”

“சளிக்கு அது தேவையே இல்லைங்க. இனி கேட்காம வாங்காதீங்க. நீல மருந்தையும் நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க.”

ஆய்வுக்கூடத்தில் மஞ்சள்மூடி வாடிப்போய் நின்றது. கடைசியில் கிருமியிடமே கேட்டுவிட்டது.

“ஒரு காலத்தில் என்னைக் கண்டால் செத்து விழுவீர்களே. என்னைத் தாங்கப் பழக்கிக் கொடுத்தது யார்?”

“நீதான்” என்றது கிருமி. “வேலையில்லாத இடத்துக்கெல்லாம் வந்தாய், கொஞ்சம் அடித்தாய், பாதியில் எழுந்து போனாய். மீதிப் பாடத்தை நாங்களே படித்துக்கொண்டோம்.”