பத்தாயிரத்து ஒன்றில் அந்த ஒன்று

முன்னொரு காலத்திலே குவளைநாட்டைத் திடவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். படையில் பத்தாயிரம் பேர். ராஜாவையும் சேர்த்தால் பத்தாயிரத்து ஒன்று.

"இந்த எண்ணை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது அரசே. தங்கள் நாட்டையும் எவனாலும் பிரிக்க முடியாது" என்று அரண்மனைக் கணியர் கோளரியார் சொல்லிவைக்க, ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. எண் குறையவே கூடாது என்று சட்டம் போட்டான். அன்றிலிருந்து எந்த வீரனுக்கும் விடுப்பு கிடையாது.

காடன் என்ற வேல்வீரன், பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான். கேட்டதற்கே விலங்கு. மறுநாள் தலையை வெட்டத் தீர்ப்பு.

இளம் அமைச்சர் பைந்தொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே சபைக்கு வந்தாள்.

"அவன் ஊருக்குப் போனால் எண் குறையும். தலையை வெட்டினால் மட்டும் குறையாதோ?"

"வேறு ஆளை நிறுத்திக்கொள்வோம் அம்மணி" என்றார் கோளரியார்.

"அதை விடுப்புக்குச் செய்தால் என்ன?"

கோளரியார் ராஜா பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா அரசே, இவருக்குத் தங்கள் எண் மேலேயே நம்பிக்கை இல்லை."

"இல்லைதான். எதுவரை வகுத்துப் பார்த்தீர் கணியரே?"

"இருபதுவரை. எல்லாவற்றிலும் மீதி வந்தது."

"ஏன் நிறுத்தினீர்?"

"கை வலித்தது."

பைந்தொடி பல்லைக் கடித்தாள். "நூற்றுக்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் இதைத் தாண்டிவிடும். அதனால் நூறுவரை பார்த்தால்தான் முடியும் முடியாது என்று சொல்லலாம். உமக்குக் கை வலித்ததற்கு ஒருவன் தலை போக வேண்டுமா?"

ராஜாவுக்கு முகம் கறுத்தது. "நாளை அணிவகுப்பில் எல்லா வரிசையிலும் சமமாக ஆள் நிறுத்திக் காட்டும். காட்டினால் காடன் ஊருக்குப் போகட்டும். தவறினால் அவனுக்குப் பக்கத்தில் உம் தலையும் உருளும்."

காலையில் எழுபத்து மூன்று வரிசைகள் போட்டாள். வரிசைக்கு நூற்று முப்பத்தேழு பேர். விலங்கோடு வந்த காடன் கடைசி வரிசையில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி.

வழக்கம்போல மேடையில், குடைக்கடியில் தனியாக அமர்ந்திருந்த ராஜா சிரித்தான். "ஓர் ஆள் குறைகிறதே?"

"அது தங்கள் இடம் அரசே. தாங்களும் இந்த எண்ணில் ஒருவர்தானே? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பாதியாகவே பிரிக்கலாம்."

ராஜா இறங்கிவந்து வெயிலில் நின்றான். தோளோடு தோள் உரசியது. காடன் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா?"

"தெரியாது அரசே. அதற்குத்தான் விடுப்புக் கேட்டேன்" என்றான் காடன்.

ராஜா தலை கவிழ்ந்தான். பிறகு தன் கையாலேயே விலங்கைக் கழற்றினான். "அமைச்சரே, என்ன பரிசு வேண்டும்?"

"பரிசு வேண்டாம். இவனுக்குக் கொடுத்ததை முறைவைத்து மற்ற எல்லாருக்கும் கொடுங்கள்." அவள் குரலில் சூடு இன்னும் தணியவில்லை.

"கொடுத்தேன்."

காடன் புறப்பட்டதும் கோளரியார் மெல்ல நழுவப் பார்த்தார். ராஜா அவரைக் கூப்பிட்டுக் காடனின் வேல்கம்பைக் கையில் கொடுத்தான்.

"எண் குறையக்கூடாது கணியரே. அவன் வரும்வரை நில்லும். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்ளும்."