மைக்கண்ணிக்கும் உறுமிக்கும் போட்ட இலை

ரொம்ப ரொம்ப முன்னாலே, மிருகங்களுக்கும் பேச்சு இருந்த காலத்திலே, கடலோரமாகப் பவழத்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்ததாம். அந்தக் காலத்து மிருகங்கள் நம்மைப் போலவே பேசும். ஆனால் ஒன்று, நாமாகக் கேட்டால்தான் பேசும். கேட்காதவரிடம் வாயைத் திறக்காது. இதை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ராஜ்யத்து ராஜா பெயர் நல்லமாறன். ராணி பெயர் தங்கப்பூ. ராணி என்றால் அதிகாரமாக நிற்பவள் இல்லை. உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண். சபையில் நாலு பேர் இருந்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். அவள் பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே பாதிதான் காதில் விழும்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிட்டு, சிட்டு என்று கூப்பிட்டார்கள்.

அதே ராஜ்யத்தில் புகையாண்டி என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் பொன் கேட்க மாட்டான், பொருள் கேட்க மாட்டான். குழந்தைகளின் முதல் சிரிப்பைத்தான் திருடுவான். புகையாக வந்து தொட்டிலுக்கு அடியில் சுருண்டுகொள்வான். குழந்தை முதன்முதலாகக் கலகலவென்று சிரிக்கும் பாருங்கள், அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்து இடுப்பில் இருக்கும் சுரைக்குடுக்கையில் அடைத்துவிடுவான். அவனுக்கு வயசு குறையும். குழந்தைக்கோ ஆயுசுக்கும் சிரிப்பு வராது. பவழத்துறையில் அப்படிச் சிரிக்கத் தெரியாத முகங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன.

சிட்டு பிறந்த அன்றே புகையாண்டி வந்தான். ஜன்னல் வழியாக வந்தான், பூனை மைக்கண்ணி பார்த்துவிட்டாள், பாய்ந்தாள். மல்லிகை வாசனையாக வந்தான், நாய் உறுமி மோந்துவிட்டான், விரட்டினான். விளக்குப் புகையோடு கலந்து வந்தான், அவள் பார்த்தாள், இவன் மோந்தான், இரண்டு பேருமாகச் சேர்ந்து கடல் வரைக்கும் துரத்திவிட்டார்கள்.

தங்கப்பூவுக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. பூனையின் பாதத்தையும் நாயின் பாதத்தையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்தில உங்களுக்கும் இலை உண்டு. எங்க வரிசையிலேயே உட்காரணும்" என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

விருந்து நாள் வந்தது. ராஜா, மந்திரி, சொந்தபந்தம் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில் மைக்கண்ணி, பக்கத்தில் உறுமி. எல்லார் இலையிலும் சாம்பார், வெங்காய வடை, திராட்சை போட்ட பாயசம். மைக்கண்ணி இலையில் வேகவைத்து முள் எடுத்த சாளை மீனும் கோழி ஈரலும். உறுமி இலையில் கறியோடு குழைத்த சோறு.

அப்போது பந்தியின் நடுவிலிருந்து ஒரு பரதேசி எழுந்தான்.

"மகராசி, ஒரு சந்தேகம். ஒரே பந்திதானே இது?"

"ஆமாங்க ஐயா."

"அப்போ எல்லாருக்கும் வடை பாயசம், இந்த ரெண்டு பேருக்கு மட்டும் மீனும் கறியுமா? பிள்ளையக் காப்பாத்தினவங்களுக்கே பந்தி வஞ்சனையா?"

எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. பவழத்துறையில் திருடனைக்கூட மன்னிப்பார்கள். பந்தி வஞ்சனை செய்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இன்னொன்று என்று ஆள் பார்த்துப் பரிமாறுவது அங்கே அவ்வளவு பெரிய பாவம்.

தங்கப்பூ முகம் சிவந்து தூணோடு ஒட்டிக்கொண்டாள். "தப்புதாங்க ஐயா, எனக்குத் தோணலை" என்றாள்.

"கவலைப்படாதே தாயி. இந்தா, வஞ்சனை அறியாத அகப்பை. நீ பிரியமா சாப்பிடறதை எல்லாருக்கும் ஒரே மாதிரி போடும்" என்று ஒரு சிரட்டை அகப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

யார் அந்தப் பரதேசி? உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாவம், தங்கப்பூவுக்குத் தெரியவில்லை. விருந்து வாசனையில் மைக்கண்ணிக்கும் உறுமிக்கும்கூடப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து வேளாவேளைக்கு அகப்பை தானாக எழுந்து பரிமாறியது.

"அவருக்கும் இதுதான், இவருக்கும் இதுதான், எவருக்கும் இதுதான்!" என்று பாடிக்கொண்டே மைக்கண்ணி இலையிலும் சாம்பார் சாதம் போட்டது. உறுமி இலையிலும் வெங்காய வடை, திராட்சைப் பாயசம் போட்டது. தங்கப்பூ பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப்பிடுங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம்" என்று தடவிக் கொடுப்பாள். அவர்களும் சாப்பிட்டார்கள்.

மாசம் ஒன்று போனது, இன்னொன்று போனது. மைக்கண்ணியின் மயிர் மினுக்கம் போய்த் துடைப்பம் மாதிரி ஆயிற்று. உறுமிக்கு வயிறு பெருத்தது, ஈறு வெளுத்தது, சாப்பிட்டதைக் கக்கிவிட்டு மூலையில் படுத்தான்.

"தின்னு தின்னு சோம்பேறி ஆயிட்டானுங்க" என்று ராஜா சிரித்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க. என் பிள்ளையைக் காத்தவங்க" என்றாள் தங்கப்பூ. அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் கூடப் போட வைத்தாள்.

ஒரு மத்தியானம். சிட்டு தொட்டிலில் கை காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்பவோ அப்பவோ சிரித்துவிடுகிற வயசு. தங்கப்பூ துணி மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். தொட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள்! மைக்கண்ணி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கண்ணைத் திறந்துதான் இருக்கிறாள், ஆனால் பார்க்கவில்லை. புகை உறுமியின் மூக்கைத் தொட்டுக்கொண்டு போகிறது, அவனுக்கு வாசனையே தெரியவில்லை.

தங்கப்பூ குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். புகை ஜன்னலில் ஏறி நின்று சிரித்தது.

"உன் காவல் போச்சு தாயி! நீயே ஊட்டி ஊட்டி ஒழிச்சிட்டே. பிள்ளை சிரிக்கட்டும், நான் வரேன்!"

அந்த நேரம் பார்த்து ராஜா உள்ளே வந்து, "என் சிட்டு, என் கட்டி!" என்று முகத்தைக் கோணினார்.

"வேண்டாங்க! சிரிக்க வைக்காதீங்க!" என்று அவர் வாயைப் பொத்தினாள் தங்கப்பூ. பெற்ற பிள்ளை சிரித்துவிடக் கூடாதே என்று ஒரு தாய் வேண்டிக்கொள்கிற நிலைமையைப் பாருங்கள்.

மைக்கண்ணி சத்தம் வந்த பக்கம் நடந்துவந்து தூணில் முட்டிக்கொண்டாள். தங்கப்பூ ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, அவள் கேட்டாள்.

"உங்களுக்கு என்னடி ஆச்சு? உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அப்பாடா, கேட்டியே அம்மா" என்றாள் மைக்கண்ணி. "எனக்குக் கண்ணுல ஒளி நிக்கணும்னா மீனோ கறியோ வேணும். நீங்க கீரையும் பருப்பும் தின்னு வாழ்ந்துடுவீங்க, உங்க உடம்பு அப்படி. என் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. கண்ணுக்கு வேண்டியது கறியிலயும் மீன்லயும்தான் எனக்குக் கிடைக்கும். பால்கூட எனக்கு வயித்தைக் கலக்கும்."

"எல்லாரும் பூனைக்குப் பால்தானேடி வைக்கிறாங்க!"

"வைக்கிறாங்க. நாங்களும் நக்கறோம். அப்புறம் படற பாடு எங்களுக்குத்தானே தெரியும்."

மூலையிலிருந்து உறுமி முனகினான். "நான் இவளை மாதிரி மேட்டிமை பிடிச்சவன் இல்லை அம்மா. எனக்குச் சோறும் ஒத்துக்கும், காயும் ஒத்துக்கும், கூடக் கறி இருந்தாப் போதும். ஆனா வெங்காயமும் பூண்டும் என் ரத்தத்தையே கெடுக்கும். அந்தத் திராட்சை இருக்கே, அது எனக்கு விஷம்."

"இவன் மூஞ்சிக்கு மேட்டிமை ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் மைக்கண்ணி, எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து.

தங்கப்பூ தேம்பினாள். "அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

"நீ கையால தடவிக் குடுத்துப் போட்டே. நன்றியோட போட்டே. அதை வேண்டாம்னு எப்படித் தள்றது? நீ நன்றிக்காகப் போட்டே, நாங்க நன்றிக்காகத் தின்னோம்" என்றாள் மைக்கண்ணி.

தங்கப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். ஒரு மீனை வேகவைத்து எடுத்து வந்தாள். அகப்பை குதித்து வந்தது. "அவருக்கும் இதுதான், இவருக்கும் இதுதான், எவருக்கும் இதுதான்!" மீன் மேல் ஒரு தட்டு, மீன் வடையாகிவிட்டது. கறித்துண்டை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். முந்தானை மேலேயே ஒரு தட்டு, கறி சாம்பார் சாதமாகிச் சேலையெல்லாம் வழிந்தது. மூன்றாவது தடவை அகப்பையையே தூக்கிக் கிணற்றில் போட்டாள். அது வாளியில் உட்கார்ந்துகொண்டு ஏறி வந்தது!

"பந்தி வஞ்சனைக்காரி! பந்தி வஞ்சனைக்காரி!" என்று அது கத்த, அரண்மனை ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தங்கப்பூ கூசிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் சிட்டு பசிக்கு அழுதாள். பிள்ளை பசித்து அழும்போது தாய்க்குக் கூச்சம் ஏது? மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். அகப்பை அதையும் பார்த்தது.

"எவருக்கும் இதுதான்!" என்று கொதிக்கிற பாயசத்தை மொண்டுகொண்டு, பல்லில்லாத அந்தக் குட்டி வாயை நோக்கிப் பாய்ந்து வந்தது.

தங்கப்பூ ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறு கையால் அகப்பையைப் பிடித்துக்கொண்டாள். பாயசம் கையைச் சுட்டது. விடவில்லை. தன் ஆயுசில் முதல் தடவையாகக் கத்தினாள்.

"பல்லு முளைக்காத பிள்ளைக்குப் பாயசமா? என் பிள்ளைக்கு நான் பால் குடுக்கிறேன், அவங்க அப்பாவுக்கு ரசம் ஊத்தறேன். இது வஞ்சனையா? பக்கத்து இலையில வேற சோறு இருந்தா அது வஞ்சனை இல்லை. ஒருத்தர் வயிறு வாடி எழுந்திருக்கிறதுதான் வஞ்சனை! இத்தனை நாளா அதைத்தான் நீ செஞ்சே, நானும் சேர்ந்து செஞ்சேன்!"

சொல்லி முடிக்கவும் அகப்பை படீரென்று பிளந்தது. உள்ளேயிருந்து கருப்பாக ஒரு மூச்சு வெளியேறிப் போயிற்று.

மைக்கண்ணிக்கு மீனும் ஈரலும் வைத்தாள். உறுமிக்கு வெங்காயம் இல்லாமல் கறியும் சோறும் குழைத்து வைத்தாள். முதல் வாய்க்கே மைக்கண்ணியின் கண்ணில் படிந்திருந்த பனி விலகியது. உறுமியின் மூக்கு ஈரமாயிற்று. மந்திரத்தால் வந்த கேடு மந்திரம் உடைந்ததும் போய்விட்டது. சோற்றால் வந்த இளைப்பு மட்டும் நல்ல சோற்றால் மெல்ல மெல்லத்தான் போயிற்று. அதில் அவசரம் கிடையாது.

"டேய் தடியா, நீ கொஞ்சம் இளைக்கலாம்" என்றாள் மைக்கண்ணி, இந்தத் தடவை நேராக அவன் முகத்தைப் பார்த்து.

மறுநாள் புகையாண்டி வந்தான். மைக்கண்ணி வேண்டுமென்றே தூணில் முட்டிக்கொண்டாள். உறுமி வாயைப் பிளந்து குறட்டை விட்டான். "குருடி, குண்டன்" என்று சிரித்துக்கொண்டே புகை தொட்டிலுக்கு அடியில் நுழைந்தது.

அவ்வளவுதான்! மைக்கண்ணி பார்த்தாள், உறுமி மோந்தான், இரண்டு பேரும் ஒரே பாய்ச்சல். புகை அங்கே ஓடி இங்கே ஓடி, கடைசியில் தங்கப்பூ தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய உப்பு ஜாடிக்குள் போய் ஒளிந்தது. உறுமி மூடியைத் தள்ளினான். மைக்கண்ணி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளேயிருந்து அவன் முட்ட முட்ட, மூடி குதிக்க, மூடியோடு மைக்கண்ணியும் மேலே போவாள், கீழே வருவாள். மேலே போவாள், கீழே வருவாள். ஆனால் முகத்தில் மட்டும் மகாராணி மாதிரி ஒரு கம்பீரம்.

சிட்டு அதைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

கலகலவென்று சிரித்துவிட்டாள்.

பறித்துக்கொள்ள ஆளில்லாத அந்தச் சிரிப்பு கூடத்தை நிறைத்தது. ஜாடிக்குள் சுரைக்குடுக்கை வெடித்தது. அதில் அடைபட்டிருந்த சிரிப்புகளெல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்து போயின. துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் காரணமில்லாமல் சிரித்தார். சந்தையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பாதித் திட்டில் சிரித்தார்கள். ஊரே சிரித்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே மந்திரவாதி இல்லை. திருடின சிரிப்பெல்லாம் போனதும் வயசு திரும்பி, நடுங்கிக்கொண்டு ஒரு தொண்டு கிழவன், வாயில் ஒரு பல்கூட இல்லை.

ராஜா வாளை எடுத்தார். தங்கப்பூ தூணுக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"இருங்க. ஐயா, பசிக்குதா? உங்களுக்கு என்ன ஒத்துக்கும்?"

கிழவன் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயசில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "நொய்க்கஞ்சி இருந்தா... உப்புக் கம்மியா" என்றான்.

அன்று சாயங்காலம் ஒரே பந்தியில் ஆறு பேர். ராஜாவுக்கு ரசம், ராணிக்குப் பாயசம், கிழவனுக்குக் கஞ்சி, மைக்கண்ணிக்கு மீன், உறுமிக்குக் கறிச்சோறு, சிட்டுவுக்குத் தாய்ப்பால். ஒருவர்கூட வயிறு வாடி எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தங்கப்பூ மைக்கண்ணி, உறுமி இருவரின் நாலு முன்னங்கால்களையும் எடுத்து மறுபடி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பவழத்துறையில் யார் வீட்டுப் பந்தியானாலும், இலை போடும்போதே "உங்களுக்கு என்ன ஒத்துக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிமாறினார்களாம். மிருகங்கள் இப்போது பேசுவதில்லை. ஆனால் நாம் கேட்கலாம், கேட்டுவிட்டு அவற்றின் கண்ணைப் பார்க்கலாம், மூக்கைத் தொட்டுப் பார்க்கலாம்.

மைக்கண்ணி பார்த்தாள், உறுமி மோந்தான், சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளிதான் உங்கள் வீட்டுத் தொட்டிலிலும் கேட்கிறது. அதற்கு அடியில் காவல் படுத்திருக்கிறவர்களுக்கு ஒரு கோடி நன்றி.