மலையை முறுக்கிய ஜக்கையன்

ஜக்கையன் அடிக்கிற புளுகில் பாதி ஆகாசத்திலேயே ஒட்டிக்கொள்ளும், மீதிதான் பூமிக்கு இறங்கும் என்று ஊத்துப்பாறையில் சொல்வார்கள். மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு தகரக்கூரைப் பட்டறை. அங்கே ஸ்பானர் சுழல்கிற நேரத்தைவிட நாக்கு சுழல்கிற நேரம்தான் அதிகம்.

அன்றைக்கு மத்தியானம் பட்டறை வாசலில் வேலுத்தாயின் பிக்கப் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஏலத்தோட்டத்து மூட்டைகளை அதில் ஏற்றி அவளேதான் ஓட்டுவாள். ஒரு மாதமாக அந்த வண்டிக்கு ஒரு நோய். வேகம் முப்பதைத் தொட்டால் போதும், ஜன்னி கண்டுவிடும். ஸ்டியரிங், சீட்டு, கண்ணாடி, அவள் மூக்குத்தி வரைக்கும் கிடுகிடுவென்று ஆடும். ஜக்கையன் மூன்று தரம் வண்டியை வாங்கி, டயரை மாற்றி, இன்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றி, “இனிமே தொட்டில் மாதிரி போகும் தாயி” என்று மூன்று தரமும் கையைத் துடைத்தான். தொட்டில்தான். ஆட்டம் நிற்கவே இல்லை.

நாளைக்கு அம்மன் திருவிழா. உச்சி ஊற்றில் செப்புக்குடம் நிறைய, விளிம்பு தட்ட மொண்ட தண்ணீரை வண்டியில் வைத்து, பதினொரு கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும். குடத்துக்கு மூடி கிடையாது. பூசாரி விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும் அந்த வண்டிக்கு இனிமேல் குடமே கிடையாது, அடுத்த முறைக்காரனுக்குப் போய்விடும். ஊர்ந்து வரலாமென்றால் குடத்தில் வெயில் விழுமுன் வந்து சேர வேண்டும் என்று இன்னொரு கட்டு. ‘பொம்பளை ஓட்டுற வண்டியில சாமி தண்ணியா?’ என்று முறுக்கிக்கொண்ட ஊரை, மூன்று வருஷமாக ஒரு சொட்டுச் சிந்தாமல் வாயடைத்து வைத்திருந்தாள் வேலுத்தாய்.

அடுத்த முறைக்காரன் ஜீப்புக்கார வீரபுத்திரன். அவனும் வந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். சாகக் கிடக்கிறவர் வீட்டுக்கு முந்தி வந்த பங்காளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“அண்ணே, எங்கிட்டுருந்து ஆடுது? அத மட்டும் சொல்லுங்க, போதும்” என்றாள் வேலுத்தாய்.

“பொறு தாயி. ஆட்டத்துக்கு நாடி பிடிக்கணும்.” ஜக்கையன் திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். “போன வாரம் ஒரு பேரிங்கைக் கேட்டேன் பாரு. உள்ள ஒம்பது குண்டு. எட்டுக் குண்டு சிரிக்குது, ஒண்ணு மட்டும் மூக்கைச் சிந்துது. பிரிச்சா, அதுக்குச் சளி.”

“மாத்திரை குடுத்தீகளா மாமா?” என்றான் வீரபுத்திரன்.

“கிரீஸுல மிளகு ரசம் கலந்து ஊத்துனேன்டா மாப்ளே. மறுநாளே துள்ளிக்கிட்டு ஓடுச்சு.”

வேலுத்தாய் சிரிக்கவில்லை. பேரிங்குக்கு ரசம் வைத்தவனுக்கு என் வண்டிக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமா? மேமலைத் தோட்டத்துல ஒரு பிக்கப் ஆடுச்சு பாரு, அது ஆட்டம். பச்சை ஏலக்காய் மூட்டை ஏத்துவாக. மூணாவது வளைவுல காய் காஞ்சிரும். ஆறாவது வளைவுல தோல் வேற, விதை வேற. ஒம்பதாவதுல பொடி. கீழ டீக்கடைக்காரன் பால் சட்டியோட ரோட்டுல நிப்பான், வண்டி வந்து குலுங்கி நின்னா நேரா சட்டியில விழும்.”

“சர்க்கரை?”

“அது அவன்தான் போடணும். நான் என்ன பொய்யா சொல்றேன்?”

வீரபுத்திரனுக்குப் புரை ஏறியது. ஜக்கையன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தான்.

“அந்த வண்டி டிரைவரு, பாவம், வண்டியை விட்டு இறங்குனாலும் ஆட்டம் நிக்காது. பாலைக் குடிச்சா வயித்துக்குள்ள மோரு. கண்ணுக்கு ரெண்டு ஆளாத் தெரிவான். அவன் பொண்டாட்டி தெனமும் ரெண்டு இலை போடுவா. ஒரு நாள் எங்கிட்ட வந்து அழுறா, ‘அண்ணே, ரெண்டுல எதுண்ணே என் புருஷன்?’னு. எது சாப்பாட்டுல குத்தம் சொல்லுதோ அதுதான்னு சொல்லி அனுப்பினேன்.”

“என் வண்டிக்கு என்னண்ணே?” என்றாள் வேலுத்தாய். குரல் உயரவில்லை. பல் மட்டும் ஒன்றோடொன்று உரசியது.

“உன் வண்டிக்கு ஒண்ணும் வராது தாயி. வரவிடுவேனா? ஆயுத பூஜையன்னிக்கு நீ பொரி வாங்கப் போனியே, அப்ப என் கையால ஒரு காப்புக் கட்டி வச்சேன். கண்ணேறு அண்டாது. மத்தவன் மாதிரி முன்னாடி தொங்கவிட்டா நாலு பேரு பார்ப்பான், பலிக்காது. எது சுத்துனா வண்டி ஓடுமோ அதுல கட்டியிருக்கேன். யாரு கண்ணுக்கும் தெரியாது.”

வேலுத்தாய் விரலை மடக்கி எண்ணினாள். ஆயுத பூஜை போய் ஒரு மாதம். ஆட்டம் தொடங்கியும் ஒரு மாதம். கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, முந்தானையைச் செருகி, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள்.

மேலே கதை நிற்கவில்லை. “உண்மையச் சொல்லட்டா மாப்ளே? அந்த மேமலை வண்டியில கோளாறே இல்ல. சல்லி சல்லியாப் பிரிச்சுப் பார்த்துட்டேன். அப்புறந்தான் தரையில காதை வச்சேன். ஆடுறது வண்டியில்ல, மலை!”

“மலையா?”

“மலைதான்! அடியில கழண்டு கெடக்கு. பதினோராவது வளைவுல ஒரு நட்டு, யானைத் தலை தண்டிக்கு. ஆறு பனைமரத்தை ஒட்டி ஒரு ஸ்பானர் செஞ்சேன். மாட்டி அரைச் சுத்து முறுக்குனேன். அன்னிக்கு அரைமணி நேரம் சூரியன் எந்தப் பக்கம் வர்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. இப்ப மறுபடி கழண்டிருச்சு. அதான் இந்த வண்டியும் ஆடுது.”

வேலுத்தாய் கீழே கிடந்தபடி கையை நீட்டித் தடவினாள். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள இரும்புத்தண்டு, ஜாயின்ட் ராடு. அது நின்ற வாக்கில் மேல்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், கட்டுக்கம்பியால் ஆறு சுற்றுச் சுற்றி ஒரு குதிரை லாடம். கால் கிலோவுக்குக் குறையாது. தண்டு சுற்றச் சுற்ற ஒரு பக்கமாக எடை இழுத்தால் வண்டி ஆடாமல் தாலாட்டா பாடும்? கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஜக்கையனின் கழுத்தை நினைத்துக்கொண்டு வெட்டியதால் குறடு நன்றாக வேலை செய்தது.

வெளியே வந்தவள் லாடத்தை அழுக்குத் துணியில் சுருட்டிச் சீட்டில் போட்டாள். பெஞ்சிலிருந்த டம்ளரில் தண்ணீரை விளிம்பு தட்ட ஊற்றி வண்டிக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள். வண்டியைத் தார்ரோட்டில் விட்டாள். முப்பது, நாற்பது, ஐம்பது. மூக்குத்தி அசையவில்லை. திரும்பி வந்து டம்ளரை வீரபுத்திரன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிய வேகத்தில்தான் முதல் சொட்டுச் சிந்தியது.

“பார்த்தியா!” ஜக்கையன் தொடையைத் தட்டினான். “நீ வண்டியை எடுத்ததும் இங்கிருந்தே மலையை ஒரு அதட்டு அதட்டினேன். அந்தப் பயத்துல தானா முறுக்கிக்கிச்சு! இப்ப என்ன சொல்றே மாப்ளே?”

வீரபுத்திரன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். முறுக்கு கையோடு நின்றுவிட்டது.

வேலுத்தாய் சீட்டிலிருந்த துணியை எடுத்துப் பெஞ்சில் பிரித்தாள். கிரீஸோடு சந்தனமும் குங்குமமும் அப்பிய லாடம், வெட்டுப்பட்ட கம்பியோடு ஜக்கையனைப் பார்த்துக் கிடந்தது.

“மலை கழண்டு விழுந்திருச்சுண்ணே” என்றாள். “பத்திரமா உள்ள எடுத்து வைங்க.”