திருவேங்கடம் எடுத்த ஸ்ட்ரா

"டீ கசக்குது. நான் கிளம்புறேன்" என்றார் திருவேங்கடம்.

தோளில் பை. காலில் செருப்பு. சும்மா மிரட்டல் இல்லை.

மலைமேல் இருந்த சின்ன மடம் அது. அங்கே டீத்தூள் கிடையாது. முழு இலையை டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். வடிகட்ட மாட்டார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் ஸ்ட்ரா, அதன் அடியில் வடிகட்டி. சேரும் அன்றைக்கே கூடையிலிருந்து அவரவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எதை எடுக்கணும் என்று குரு சொல்ல மாட்டார்.

குரு மங்களவல்லிக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்காது. திருவேங்கடம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இது அவருக்கு நாலாவது மடம். மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது குறை. இதையும் விட்டால் போக இடமில்லை. அது அவருக்கே தெரியும்.

"டீ மட்டும்தான் கசக்குதா சார்?" என்றார் குரு.

"உங்க பேச்சும்தான். வந்த புதுசுல கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருந்தது. இப்போ காதைப் பொத்திக்கலாம்னு இருக்கு."

பக்கத்தில் இருந்த சீடன் காத்தமுத்து எகிறினான். "சார், யார்கிட்ட பேசுறீங்க?"

"விடுப்பா. மனசுல பட்டதைச் சொல்றார். எத்தனை பேர் சொல்வாங்க?"

குருவுக்குக் கோபம் வரவில்லை. எனக்கெல்லாம் வந்திருக்கும்.

"உங்க ஸ்ட்ராவைக் குடுங்க, பார்ப்போம்."

"நல்லாப் பாருங்க. கூடையிலேயே இதுதான் உசத்தி. ஓட்டை எவ்வளவு பொடிசு! ஒரு தூசி நுழையாது. மூட்டே தெரியாம ஒட்டியிருக்கான். காத்தமுத்து வச்சிருக்கானே, பாதி இலை அவன் வாய்க்குள்ளதான் போகுது."

"நான் மென்னுடுவேன் சார்."

குரு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகான வேலை" என்றார். நிஜமாகவே ரசித்தார்.

பிறகு உள்ளே போய், ஒரு டம்ளரில் அதே ஸ்ட்ராவைப் போட்டு எடுத்து வந்தார்.

"போறதுதான் போறீங்க. குடிச்சிட்டுப் போங்க."

"கசக்கும்."

"குடிங்க சார்."

திருவேங்கடம் வாசலைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினார். முகம் சுளித்தது.

"அதே கசப்பு! எந்த எஸ்டேட் இலைம்மா இது?"

குரு டம்ளரைச் சாய்த்துக் காட்டினார்.

வெறும் வெந்நீர்.

"வெந்நீருக்குப் போய் எஸ்டேட் கேக்குறாரே!" காத்தமுத்து வெடித்துச் சிரித்தான். குரு ஒரு பார்வை பார்த்தார். அடங்கினான்.

திருவேங்கடம் ஸ்ட்ராவை வெளியே எடுத்தார். வடிகட்டியை முறுக்கினார். நகத்தால் நெம்பினார். அசையவில்லை. உள்ளே படிந்த பழைய டீக்கறையைக் கழுவ வழியில்லை.



பையை இறக்கி வைத்தார். கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்ட்ராவாக அடியைத் திருகிப் பார்த்தார். கடைசியில் கோணலாக ஒன்று அகப்பட்டது.

"இதுல இலை வருமே சார்?" என்றார் குரு.

"வரட்டும்மா. திறக்குது."