கோணப்பட்டி பஸ் போர்டு

கோணப்பட்டிக்கு எந்த பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதை ஊருக்கே தெரியவைக்கிறேன் என்று கிளம்பினான் கம்ப்யூட்டர் படித்த தவசி. பஸ் ஸ்டாண்டில் நேரம் காட்டும் போர்டு வைப்பதாக வாக்குக் கொடுத்தான். அவன் ஆசைப்பட்ட செவந்தியின் அப்பா சங்கரபாண்டியும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். போர்டு ஓடுச்சுன்னா பொண்ணு உனக்கு."

போர்டுக்கான புரோகிராமை மதுரையில் சேக்காளி சுருளிவேலின் கடையில் உட்கார்ந்து எழுதினான். நேரக் கணக்கை மட்டும் யாரோ எழுதிவைத்த, 'லைப்ரரி' எனப்படும் ரெடிமேட் புரோகிராம் தொகுப்பிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டான். அங்கே ஜோராக ஓடியது. ஊருக்கு வந்து தன் கம்ப்யூட்டரில் அதை ஓடவைக்கக் கம்பைல் பண்ணினால், 'கேட்ட லைப்ரரியைக் காணோம்' என்று சிவப்பெழுத்து வந்து நின்றது.

கூட்டாளிகள் மொக்கச்சாமியும் ஒச்சப்பனும் குனிந்து பார்த்தார்கள்.

"அந்த லைப்ரரி எங்கடா இருக்கு?" என்றான் மொக்கச்சாமி.

"சுருளி கடையில."

"மதுரைக்கு பஸ்ஸே ஒன்றரை மணி நேரம். இது கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள காணோங்குது. போயே பாக்கலடா இது!"

ஒச்சப்பனுக்கு இளகிய மனசு. "நிதானமாப் போய்ட்டு வாப்பா" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

போக வர ஆகும் நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே சிவப்பெழுத்து.

"கடைசி பஸ்ஸை விட்டுருக்கும், பாவம்" என்றான் ஒச்சப்பன்.

தவசி சுருளிவேலுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, புரோகிராமும் லைப்ரரியும் ஒரே இடத்துல இருக்கணும். இரு, நான் இங்கேருந்து..."

"புரிஞ்சிருச்சு!" என்று வைத்துவிட்டான் தவசி.

கம்ப்யூட்டரையும் போர்டையும் கட்டி மதுரை பஸ்ஸில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டருக்கு ஜன்னலோர சீட். வழி தெரிந்துகொண்டால் அடுத்த முறை தானாகவே போய்வரும் அல்லவா?

சுருளிவேல் தலையில் அடித்துக்கொண்டு, லைப்ரரியை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக் கொடுத்தான். சிவப்பெழுத்து மறைந்தது. கோணப்பட்டி பஸ்களெல்லாம் போர்டில் பளபளவென்று ஓடின. தவசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, தூக்கிட்டுக் கிளம்புங்க" என்றான் சுருளிவேல்.

"வெவரமில்லாமப் பேசாத சுருளி. போன தடவையும் இங்க ஓடுனதைத்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றான் தவசி.

"பட்டது போதும்" என்றான் மொக்கச்சாமி. "ஓடுற எடத்துலயே ஓடட்டும்."

வெள்ளிக்கிழமை சங்கரபாண்டி வந்தார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது: 'இங்கிருந்து கிளம்பும் பஸ்களின் நேரம் அறிய, மதுரை சுருளிவேல் கடைக்குச் செல்லவும்.'

"போர்டு எங்கப்பா?"

"மதுரையில ஜம்முனு ஓடுது மாமா."

"போய்ப் பாக்கணுமே. மதுரைக்கு அடுத்த பஸ் எப்ப?"

"அது அங்க போனாத்தான் தெரியும் மாமா."

சங்கரபாண்டி மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"வாக்குன்னா வாக்குதான். பொண்ணு உனக்குத்தான். ஆனா ஒண்ணுப்பா, செவந்தி எங்க வீட்டுல நல்லா இருக்கா. தூக்கிட்டுப் போனா அங்க எப்படியோ. இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

தவசி அதை ஒன்றுக்கு இரண்டு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒரு பிழையும் தட்டுப்படவில்லை.

"அதுதான் மாமா சரி" என்றான்.