மாசானம் சாப்பிட்ட சோறு

செந்தூர்பாண்டி ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். தும்மினால்கூடத் தேதி போட்டு வைப்பார். ஓய்வு பெற்றதும் நாடகம் எழுதக் கற்க வேண்டுமென்று பவளக்கொடியிடம் வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

அவர் எழுதிய முதல் நாடகம், கருவேலந்துறை உப்பளத்தில் எண்பது வருஷத்துக்கு முன் நடந்த துப்பாக்கிச் சூடு பற்றியது. குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கூடிய கூட்டத்தின் மேல் ஒரே ஒரு குண்டு. மாசானம் என்ற தொழிலாளி விழுந்தார். காப்பகத்திலிருந்து அவர் நகலெடுத்து வைத்திருந்த கோப்பில் இருப்பது இவ்வளவுதான்.

அரங்கேற்றமும் அதே ஊரில். முந்தின நாள் ஒத்திகைக்கு மாசானத்தின் மகள் செல்லக்கனி வந்தாள். சூடு நடந்த அன்று அவளுக்கு ஆறு வயது.

“அப்பா சாப்பிடாமப் போனாவ. தூக்குவாளியில சோறு கொண்டுட்டு ஓடுனேன். அதுக்குள்ள சுட்டுட்டானுவ. அதையும் எழுதும்யா.”

“ஆதாரம் இருக்கா, ஆச்சி?”

“நான் இருக்கேம்லா?”

“கோப்புல இல்லியே.”

செந்தூர்பாண்டி குருவிடம் திரும்பினார். “டீச்சர், நடந்ததுக்கு மேல ஒரு பருக்கை சேர்க்கலாமா?”

“அது இருக்கட்டும், துப்பாக்கிச் சத்தத்துக்கு வாங்குன வெடியை எங்க வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?”

“உப்புக் கிட்டங்கியில, மூட்டைகளுக்கு நடுவுல. பத்திரமா இருக்கு.”

பவளக்கொடி சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஊரே திரண்டிருந்தது. போலீஸ்காரராக நடித்தவர் துப்பாக்கியை நீட்டினார். மேடைக்குப் பின்னால் செந்தூர்பாண்டி வெடியைக் கொளுத்தினார். புஸ். இன்னொன்று. அதுவும் புஸ். ராத்திரி முழுக்க உப்பின் ஈரத்தைக் குடித்த வெடி.

மாசானமாக நடித்த இசக்கி விழவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழித்தான்.

முன்வரிசையில் செல்லக்கனி எழுந்தாள். கையில் தூக்குவாளி.

“அதான் சுடலேல்லா? அப்பாவ அனுப்புங்க. சோறு ஆறுது.”

“விழுடே!” திரைக்குப் பின்னாலிருந்து செந்தூர்பாண்டி பல்லைக் கடித்தார். “கோப்புல விழுந்ததாத்தான் இருக்கு!”

“நீ போய்ச் சாப்பிடு, இசக்கி” என்றாள் பவளக்கொடி.

இசக்கி இறங்கிப் போய் செல்லக்கனியின் காலடியில் உட்கார்ந்தான். அவள் உருட்டிக் கொடுக்கக் கொடுக்க வாங்கித் தின்றான். விக்கல் எடுத்தது. போலீஸ்காரர் துப்பாக்கியை வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஊர் தட்டிய கைதட்டலில் கடலில் நின்ற மூன்று தோணிகள் பயந்து கரையேறிவிட்டன என்பார்கள். புளுகு. நான் பார்த்தது இரண்டுதான்.

கூட்டம் கலைந்தது. “வரலாறே கெட்டுப்போச்சே, டீச்சர்! நாளைக்கும் நாடகம் இருக்கே, என்ன செய்ய? சுடவா, சோறு போடவா?”

“ஆச்சிகிட்ட கேளுங்க.”

செல்லக்கனி வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். “நாளைக்குச் சுடட்டும்யா. சுட்டது சுட்டதுதான. எங்கப்பா சாப்பிட்டாச்சு.”

மறுநாள் காலை செந்தூர்பாண்டி வெடிகளை வெயிலில் பரப்பினார். பிறகு கோப்பைத் திறந்து, தேதி போட்டு, ஒரு வரி எழுதினார்: மாசானம் சாப்பிட்டார்.

பவளக்கொடி எட்டிப் பார்த்தாள்.

“ஆதாரம் இருக்கா, அண்ணாச்சி?”

“நான் இருக்கேம்லா?”